ஸ்கோஷியா பிரின்ஸ்: ஒரு கார் ஃபெர்ரி உழைத்த நாற்பது ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கோஷியா பிரின்ஸ் என்பது தூத்துக்குடிக்கு வந்த அந்தக் கப்பல்தானா?

ஆம். 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு முதல் பயணம் புறப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சேவையை நிறுத்திக்கொண்ட பயணிகள் கப்பல் இதுதான். தமிழ்நாட்டில் பலருக்கு அதன் வாழ்வில் அந்த ஐந்து மாதங்கள் மட்டுமே தெரியும். ஆனால் இங்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ஏறத்தாழ நாற்பது வயது. சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஒரு பெயரிலும், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே இன்னொரு பெயரிலும் ஓடி முடித்திருந்தது. புயலில் வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடமாகவும், போர்ச்சூழலில் சிக்கியவர்களை மீட்கும் கப்பலாகவும் இருந்துவிட்டுத்தான் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது.

முதலில் யாருக்காகக் கட்டப்பட்டது?

சுவீடனின் ஸ்டீனா லைன் நிறுவனத்துக்காக, அன்றைய யூகோஸ்லாவியாவின் கிரால்யெவிட்சா என்ற ஊரில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டது. அந்த ஊர் இன்று குரோவேஷியாவில் இருக்கிறது. 1972இல் சேவைக்கு வந்தபோது கப்பலுக்கு ஸ்டீனா ஒலிம்பிகா என்று பெயர். சுவீடனின் கோதன்பர்க் துறைமுகத்துக்கும் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கும் இடையிலான இரவுப் பயணத்துக்காகவே அது திட்டமிடப்பட்டது. அந்த ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் கீல் நகரில்தான் நடந்தன என்பதை நினைத்தால், பெயருக்கான காரணத்தை அதிகம் தேட வேண்டியதில்லை.

கார் ஃபெர்ரிக்கும் மற்றப் பயணிகள் கப்பலுக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்குகிறது. அங்கே கப்பலின் முழு நீளத்துக்கும் ஒரே கூடம்போல் வாகனத் தளம் விரிந்து கிடக்கும். முன்பக்கமோ பின்பக்கமோ இரும்புக் கதவு திறந்து, அதனுடன் இணைந்த சரிவுப்பலகை கரையில் படியும். கார்களும் லாரிகளும் கிரேன் உதவியின்றித் தம் சக்கரங்களிலேயே உள்ளே ஏறி, மறு துறைமுகத்தில் அப்படியே இறங்கிப் போகும். உள்ளே மாலுமி ஒருவர் கைச்சைகை காட்டி, ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஒருவர் உடலைத் திருப்பி நுழையும் அளவுக்கே இடம்விட்டு நிறுத்தச் செய்வார். கனரக வாகனங்களைத் தளத்தில் பதிக்கப்பட்ட கொக்கிகளுடன் சங்கிலியால் இறுக்குவார்கள். ஓட்டுநர்கள் வண்டியைப் பூட்டிவிட்டு மாடிப்படி ஏறினால் அறைகள், உணவகம், மதுக்கூடம், கடைகள் என ஒரு சிறு விடுதியே அங்கே இருக்கும்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. குறுக்குச் சுவர்கள் இல்லாத அந்தத் தளத்தில் சிறிதளவு நீர் புகுந்தாலும், அது ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து கப்பலை நிமிர விடாமல் சாய்த்துவிடும். 1987இல் பெல்ஜியத்தின் சீப்ரூஹ துறைமுகத்துக்கு வெளியே, முன்கதவை மூடாமலேயே புறப்பட்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். 1994இல் பால்டிக் கடலில் எஸ்டோனியா கப்பலின் முன்மூடி அலையில் பிய்ந்துபோய் 852 பேர் மாண்டனர். பழைய கார் ஃபெர்ரிகளின் பிற்கால வாழ்வை இந்த இரு விபத்துகளுக்குப் பின் வந்த கடுமையான விதிகள் பெரிதும் தீர்மானித்தன.

நன்றாக ஓடிய கப்பலைப் பத்து ஆண்டுகளில் ஏன் கைமாற்றினார்கள்?

கப்பலில் குறை ஏதும் இல்லை. தடம்தான் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. வட ஐரோப்பிய ஃபெர்ரித் தொழிலில் ஒரு நிறுவனம் பெரிய கப்பலை இறக்கினால் போட்டியாளரும் அதைவிடப் பெரியதை இறக்கியாக வேண்டும். அந்தக் காலத்தில் அறை வாடகைக்கும் கார்க் கட்டணத்துக்கும் நிகராக, கடலில் வரியின்றி விற்ற மதுவும் சிகரெட்டும் வருமானம் தந்தன. அதிகப் பயணிகள் ஏறினால் அதிக விற்பனை என்பதே கணக்கு. 1981இல் போட்டி நிறுவனமான செஸ்ஸானை ஸ்டீனா வாங்கியபோது, புதிய பெரிய கப்பல்களும் அதனுடன் வந்து சேர்ந்தன. ஸ்டீனா ஒலிம்பிகா உபரியாயிற்று. ஐரோப்பியக் கார் ஃபெர்ரிகள் பலவும் இப்படித்தான், உழைக்கத் தெம்பு இருக்கும்போதே இரண்டாம் கைக்குப் போகின்றன.

பெயரும் கொடியும் மாறிய கப்பலை அதே கப்பல் என்று எப்படி அறிவது?

சர்வதேசக் கடல்சார் அமைப்பு வழங்கும் ஏழு இலக்க எண்ணைக் கொண்டுதான். கப்பல் கட்டப்படும்போது கிடைக்கும் அந்த எண், அது உடைக்கப்படும் வரை மாறுவதில்லை. பெயர், உரிமையாளர், பதிவு செய்த நாடு, சாயம் எல்லாம் மாறலாம். பழைய கப்பல்களில் பின்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், முன்னைய பெயரின் உலோக எழுத்துகளைச் செதுக்கி எடுத்த தடம் புதுச் சாயத்துக்கு அடியில் மேடாகத் தெரிவதுண்டு.

‘உரிமையாளர்’ என்ற சொல்லையும் இத்தொழிலில் சற்று எச்சரிக்கையுடன்தான் கையாள வேண்டும். கப்பல் ஒருவருடைய பெயரில் இருக்கும். மாலுமிகளை அமர்த்திப் பராமரிப்பவர் வேறொருவர். வாடகைக்கு எடுத்துப் பயணச்சீட்டு விற்பவர் மூன்றாமவர். கொடியோ இவர்களில் எவருக்கும் சொந்தமில்லாத ஒரு நாட்டினுடையது. தூத்துக்குடிச் சேவையை நடத்திய நிறுவனமும் கப்பலை வாடகைக்கு எடுத்ததே தவிர, விலைக்கு வாங்கவில்லை.

ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெயர் எப்போது வந்தது? அங்கே அது என்ன வேலை செய்தது?

1982இல், பிரின்ஸ் ஆஃப் ஃபண்டி குரூசஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தபோது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டுக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள யார்மத்துக்கும் இடையே, 1970இல் சுவீடனின் லயன் ஃபெர்ரி தொடங்கிய தடம் அது. இரு ஊர்களுக்கும் இடையே சாலைவழியாகப் போனால் ஃபண்டி வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். கப்பலில் சுமார் பதினொரு மணி நேரம்.

கப்பலின் வாழ்வில் மிகப் பொருத்தமான காலம் இதுதான் என்பது என் கருத்து. கால அட்டவணையிலேயே அதற்கான விடை இருக்கிறது. இரவில் போர்ட்லாண்டில் புறப்பட்டால் காலையில் யார்மத். காரை இறக்கி, ஏற்றி, சுத்தம் செய்து, முற்பகலில் திரும்பினால் இரவுக்குள் மீண்டும் போர்ட்லாண்ட். ஒரே கப்பல் ஒரு நாளுக்குள் போய்வரும் பயணத்தை முடித்துவிடும். இரவில் அறைகள் விற்றன, பகலில் உணவகமும் சூதாட்டக்கூடமும் சம்பாதித்தன, இரு வேளையும் வாகனத் தளம் நிறைந்தது. நாட்டு எல்லையைக் கடப்பதால் வரியில்லாக் கடையும் நடந்தது. காரை எடுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகும் குடும்பங்களோடு, எங்கும் இறங்கும் எண்ணமின்றி வெறுமனே கடலில் ஒரு நாள் இருந்துவிட்டு வரக் கிளம்புபவர்களும் ஏறினார்கள். மே முதல் அக்டோபர் வரைதான் பருவம் என்பது மட்டுமே குறை; வட அட்லாண்டிக் குளிர்காலத்தில் அங்கே சுற்றுலாப் பயணி கிடைக்கமாட்டார்.

இருபதாண்டுகளுக்கு மேல் ஒரே பெயரில், ஒரே தடத்தில் ஓடியதால் யார்மத் மக்கள் அதைத் தங்கள் ஊர்க் கப்பலாகவே கருதினர்.

கப்பலை நடுவில் வெட்டி நீட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1986-87 குளிர்கால ஓய்வின்போது அது நீட்டிக்கப்பட்டது. ஃபெர்ரித் தொழிலில் இது அரிதான வேலையும் அன்று. கப்பலை உலர்துறையில் ஏற்றி, நீரை வெளியேற்றி, அடிப்பலகையிலிருந்து மேல்தளம் வரை ஒரே நேர்கோட்டில் தகட்டை வெட்டுவார்கள். மின்கம்பிகளும் குழாய்களும் ஒவ்வொன்றாக அடையாளமிட்டுத் துண்டிக்கப்படும். முன்பாதியையும் பின்பாதியையும் விலக்கி, தனியே கட்டி வைத்த நடுப்பகுதியை இடையில் நிறுத்தி, தகடுகள் நேர்பட்டவுடன் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பற்றவைப்பார்கள். எந்திரங்கள் பின்னாலும் கட்டுப்பாட்டு மேடை முன்னாலும் இருப்பதால், விலையுயர்ந்த இரு பகுதிகளையும் தொடாமலேயே இடத்தைப் பெருக்கிக்கொள்ள முடிகிறது. இதன்பின் மொத்தக் கொள்ளளவு சுமார் 12,000 டன்னாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளையும் சுமார் 200 கார்களையும் ஏற்ற முடிந்தது.

புதுக் கப்பல் வாங்குவதைவிட இது மலிவு. ஆனால் கப்பலின் வயது இதனால் குறைவதில்லை: நடுப்பகுதிக்கு வயது பூஜ்யம் என்றாலும், இருபுறமும் இருக்கும் தகடுகளும் எந்திரங்களும் 1972ஆம் ஆண்டின் வயதையே சுமந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்து வாங்குவோர் பயணிகள் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். பராமரிப்புச் செலவு எந்திர அறையிலிருந்து வரும்.

அவ்வளவு நன்றாக ஓடிய தடம் ஏன் நின்றது?

பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1998இல் அதே மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரிலிருந்து யார்மத்துக்குத் தி கேட் என்ற அதிவேகக் கப்பல் ஓடத் தொடங்கியது; பார் ஹார்பர் இன்னும் அருகிலுள்ள துறைமுகம் என்பதால், அவசரப் பயணிகள் அந்தப் பக்கம் போனார்கள். 2000இல் நிறுவனம் கைமாறி, கப்பலின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 2005 வசந்தத்தில், போர்ட்லாண்டு முனையக் கட்டடத்தில் பூஞ்சை படர்ந்து ஊழியர்களின் உடல்நலத்தைக் கெடுப்பதாகக் கூறி, அந்தப் பருவத்தையே நிறுவனம் ரத்துசெய்தது. கட்டடத்தின் உரிமையாளரான நகராட்சியுடன் தகராறு முற்றி வழக்குமன்றம் சென்றது. ஸ்கோஷியா பிரின்ஸ் பின்னர் அந்தத் தடத்துக்குத் திரும்பவே இல்லை.

லூசியானாவில் அது என்ன செய்தது?

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைச் சூறையாடியபோது, அருகிலுள்ள செயின்ட் பெர்னார்ட் வட்டாரத்தில் அநேகமாக எல்லா வீடுகளும் நீரில் மூழ்கின. அமெரிக்காவின் கூட்டரசு அவசரநிலை மேலாண்மை முகமை, தங்குமிடத்துக்காகப் பயணிகள் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தியது. கார்னிவல் நிறுவனத்தின் மூன்று பெரிய உல்லாசக் கப்பல்களுடன், வேலையின்றி நின்ற ஸ்கோஷியா பிரின்ஸும் அழைக்கப்பட்டது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் வயலெட் என்ற இடத்தில் கட்டி நிறுத்தப்பட்டு, 2006 வசந்தம் வரை வீடிழந்தவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் வீடாக இருந்தது. நகராத கப்பலுக்கு எரிபொருள் செலவு சொற்பம். வாடகையோ அரசிடமிருந்து தவறாமல் வரும். பழைய ஃபெர்ரி வைத்திருப்பவர்கள் இத்தகைய அவசரகால ஒப்பந்தங்களை எப்போதும் எதிர்பார்த்திருப்பார்கள்; கடற்பயணத்தில் கிடைக்காத ஆதாயம் சில வேளை கரையோரம் நிற்பதில் கிடைத்துவிடும்.

லிபியாவிலிருந்து இந்தியர்களை மீட்ட கப்பலும் இதுதானா?

ஆம். 2011 பிப்ரவரியில் கடாஃபி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி மூண்டபோது லிபியாவில் சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தனர். கிழக்கு லிபியாவில் விமான நிலையங்களை நம்ப முடியாத நிலையில், இந்திய அரசு ஸ்கோஷியா பிரின்ஸை வாடகைக்கு அமர்த்தி பெங்காசிக்கு அனுப்பியது. முதல் நடையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறி, எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் தாயகம் திரும்பினர். கையில் இரண்டு பைகளுடன் ஓடிவரும் கூட்டத்தை ஏற்றுவதற்கு, அகன்ற வாயிலும் ஆயிரம் பேருக்கான உணவகமும் உள்ள ஒரு ஃபெர்ரியைவிடத் தோதான கப்பல் கிடைப்பது கடினம்.

தூத்துக்குடி–கொழும்புத் தடத்துக்கு இதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கிடைத்தது என்பதே முதல் காரணம். இரு நாட்டு அரசுகளும் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்துக்கு உடன்பாடு கண்டிருந்தன. ஒரே தடவையில் ஆயிரம் பேரை ஏற்றக்கூடிய, அறைகளுள்ள ஒரு கப்பல் உடனடியாகத் தேவைப்பட்டது. ஃபிளமிங்கோ லைனர்ஸ் என்ற மும்பை நிறுவனம் சேவையை ஏற்று நடத்தியது. அந்தக் குழுமத்தின் மூலத் தொழில் வரியில்லாக் கடைகள் என்பதைக் கவனித்தால், பால்டிக் காலத்து ஃபெர்ரி வணிகத்தின் பழைய நம்பிக்கை இங்கும் தொடர்ந்ததைக் காணலாம். அன்றைய மத்தியக் கப்பல் துறை அமைச்சர் ஜி.கே. வாசன் முதல் பயணத்தைத் தொடங்கி வைத்தார்.

ஊர் உற்சாகமாக இருந்ததற்குப் போதிய காரணம் இருந்தது. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இதே தடத்துக்காகத்தான். அந்த 2011ஆம் ஆண்டில்தான் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறினர். அதன்பின் போக்குவரத்து தனுஷ்கோடிக்கும், 1964 புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்துக்கும் மாறி, 1980களின் தொடக்கத்தில் இனப்போரால் நின்றேபோனது. ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் வந்த கப்பல் இது.

இங்கே கார்கள் ஏற்றப்பட்டனவா?

இது பயணிகளுக்கும் அவர்களின் சுமைகளுக்குமான சேவையாகவே நடத்தப்பட்டது. ஒரு கார் ஃபெர்ரியின் வருமானத்தில் பெரும்பங்கு வாகனத் தளத்திலிருந்து வர வேண்டும். சுவீடனிலிருந்து ஒருவர் தம் காரிலேயே ஜெர்மனிக்குப் போய் அங்கே ஓட்டிக்கொண்டு திரியலாம். மெய்ன் மாநிலத்துக் கார் நோவா ஸ்கோஷியாவில் தடையின்றி ஓடும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரை அப்படி இலங்கைக்கு ஓட்டிச் செல்லும் வழக்கமும் இல்லை, எளிய நடைமுறையும் இல்லை. கப்பலின் மிகப் பெரிய தளத்தை ஒவ்வொரு நடையிலும் ஏறக்குறையச் சும்மா சுமந்துகொண்டு போனார்கள். அதன் எடையை இழுக்கவும் எரிபொருள் எரிந்தது.

ஐந்து மாதங்களில் ஏன் நின்றது? மக்கள் விரும்பவில்லையா?

விரும்பியவர்கள் இருந்தார்கள், போதுமான அளவில் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு 152 கடல் மைல். இரவெல்லாம் ஓடிக் காலையில் சேரும்படி சுமார் 14 மணி நேரம் எடுத்துக்கொண்டது என்றால், சராசரி வேகம் மணிக்கு 11 கடல் மைலுக்கும் குறைவு. எரிபொருளைச் சேமிக்கவும் பயணி உறங்கி விழிக்கவும் அது சரியான முடிவுதான். ஆனால் சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ விமானத்தில் ஒரு மணி நேரத்தைச் சுற்றி முடிந்துவிடும் பயணம் இது. கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லாவிட்டால், கப்பலைத் தேடி வருபவர் யார்? அதிகச் சுமையுடன் போக விரும்பும் சிறு வணிகர்களும், புத்தகயா, வேளாங்கண்ணி போன்ற தலங்களுக்கு வரும் இலங்கை யாத்திரிகர்களும், கடற்பயண ஆசை உள்ளவர்களும்தான். வாரம் இருமுறை ஆயிரம் படுக்கைகளை நிரப்ப இந்தக் கூட்டம் போதவில்லை.

மக்கள் ஆதரிக்கவில்லை என்று மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம். சிறிய கப்பலில் தொடங்கிப் பயணிகள் பெருகப் பெருக மாற்றியிருக்கலாம். கார்களுக்காகவும் சூதாட்டக்கூடத்துக்காகவும் அளவெடுத்த ஒரு கப்பலை அவை இரண்டும் இல்லாத தடத்தில் விட்டபோது, முழுச் செலவும் பயணச்சீட்டின் தலையில் விழுந்தது.

கொழும்பில் கப்பலைத் தடுத்து வைத்ததாகச் சொல்கிறார்களே, கப்பலைக் கைது செய்ய முடியுமா?

முடியும். நிலுவைத் தொகை தொடர்பான வழக்கில் ஸ்கோஷியா பிரின்ஸ் நீதிமன்ற ஆணையின்படி கொழும்புத் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. கடல்சார் சட்டத்தில் எரிபொருள் தந்தவரோ சம்பளம் கிடைக்காத மாலுமியோ, எங்கோ இருக்கும் நிறுவனத்தைத் தேடிப் போகாமல், துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் மீதே வழக்குத் தொடரலாம். ஆணையின் நகலைக் கட்டுப்பாட்டு மேடையில் ஒட்டிவிட்டால் அது நகரக் கூடாது. மாலுமிகளின் சம்பளம் போன்ற சில கோரிக்கைகள், கப்பல் விற்கப்பட்டாலும் அதைவிட்டு நீங்குவதில்லை. புதிய உரிமையாளரையும் பிடிக்கும். அதனால்தான் பழைய கப்பல் வாங்குவோர் எந்திரத்தைச் சோதிப்பதற்கு இணையாகக் கடன்களையும் சோதிக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவர் வைத்த பாக்கிக்காக, உரிமையாளரின் கப்பல் சிக்கிக்கொள்வதும் நடக்கிற கதைதான்.

இறுதியில் கப்பல் என்ன ஆயிற்று?

2012இல் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் உடைக்கப்பட்டது. நகருக்கு வடக்கே சீதாகுண்டா கடற்கரையில், கப்பல்களைப் பெருவேலியேற்றத்தின்போது முழு வேகத்தில் சேற்றுமணலில் ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் வாயுச் சுடர் கொண்டு தகடு தகடாக அறுப்பார்கள். அந்த வயதில் பயணிகள் கப்பலின் மதிப்பு இரும்பின் எடையைக் கொண்டே கணிக்கப்படுகிறது.

அதே தடங்களில் இப்போது என்ன ஓடுகிறது?

யார்மத்துக்கு அதன்பின் வந்த சேவைகள் மாகாண அரசின் மானியத்தையே நம்பியிருந்தன. 2014இல் போர்ட்லாண்டிலிருந்து தொடங்கிய நோவா ஸ்டார் என்ற கார் ஃபெர்ரி இரண்டு பருவங்களோடு நின்றது. தூத்துக்குடி–கொழும்பு சேவை மீண்டும் தொடங்கப்படவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் புறப்பட்டது. சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலுடன் தொடர்ந்தது. நூற்றைம்பது பேர் அளவில் ஏற்றும் சிறிய கப்பல்கள் இவை. பகலிலேயே நான்கைந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடுவதால் படுக்கை அறைகள் தேவைப்படவில்லை; வாகனத் தளமும் இல்லை.